கிடாயின் உத்தரவு

நமது ஊர்ப் பக்கங்களில் கிடாய் வெட்டுப் பூசையைப் பார்க்காதவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் பிடரியிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். கிடாய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியதும், "துலுக்கிவிட்டது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது" என்று கூட்டம் கூவும். மறு நிமிஷம் அரிவாள் விழும். சிலுப்பாவிட்டாலோ சாமிக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். எந்தப் பங்காளி வரி கொடுக்கவில்லை, எவன் வீட்டில் தீட்டு என்று ஒரு விசாரணை நடக்கும். விசாரணை முடிந்ததும் மறுபடியும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். சாமியின் மனக்குறையைத் தீர்ப்பதற்கும் தண்ணீரைத்தான் ஊற்றுகின்றார்களே ஒழிய வேறொன்றும் செய்வதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம்.

ஆட்டை வெட்டக்கூடாது, தின்னக்கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. நாமும் தின்கின்றவர்கள்தான். நாம் கேட்பதெல்லாம், குளத்தில் முங்கிக் கரையேறும் நாய் சிலுப்புகின்றதே, அது யாருக்கு உத்தரவு கொடுக்கின்றது என்பதுதான். மயிர் அடர்ந்த பிராணிகளின் பிடரியில் ஈரம் பட்டால் உடம்பு சிலுப்பும். 2024-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியார் எலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளிகளை விட்டு இதைச் சோதித்து, தோலில் உள்ள ஒருவகை மெல்லிய நரம்புகள் அச்செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகின்றன என்றும், அது அங்கிருந்து மூளையின் அடித்தண்டுக்கு ஏறிச் சிலுப்பலை உண்டாக்குகின்றது என்றும் கண்டார்கள். அந்தப் பாதையைத் தடுத்தபோது சிலுப்பல் வெகுவாகக் குறைந்தது. அந்த நரம்பை மட்டும் தூண்டியபோது துளி விழாமலே எலி சிலுப்பியது. இதில் சந்தேகமுள்ள பூசாரி எவராவது இருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத உலர்ந்த கிடாயிடம் உத்தரவு கேட்டுப் பார்க்கட்டும்.

இனி, அரிவாள் விழுந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். தலை ஒரு பக்கம் கிடக்கின்றது, முண்டம் ஒரு பக்கம் கால்களை உதைக்கின்றது. உத்தரவு கொடுத்த தலைதான் தனியே கிடக்கின்றதே, இந்தக் கால்களை உதைக்கச் சொன்னவர் யார்? ஆத்மா போகும் வழி தெரியாமல் உடம்புக்குள் தவிக்கின்றது என்று நமக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நாமும் வெகுநாள் அப்படியே நம்பி, அந்த இடத்தைத் தாண்டிப் போகவே பயந்திருக்கின்றோம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. மேல்நாட்டுப் பண்டிதர்களும் இதில் முட்டிக்கொண்டிருக்கின்றார்கள். 1853-ல் ஜெர்மனியில் ஃப்ளூகர் என்பவர் தலை வெட்டிய தவளை ஒன்றின் தொடையில் ஒரு துளி அமிலத்தை வைத்தார். தலையில்லாத அந்தத் தவளை அந்தப் பக்கத்துக் காலைத் தூக்கி அமிலத்தைத் துடைத்தது. அந்தப் பாதத்தையும் வெட்டிவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் வீணாக முயன்றுவிட்டு, மற்றக் காலால் துடைத்தது! ஆகவே தண்டுவடத்திலும் அறிவு இருக்கின்றது என்றார் அவர். லோட்ஸே என்னும் தத்துவ ஆசிரியர், அது பழகிய யந்திரத்தின் வேலைதான் என்று மறுத்தார். பின்னர் 1869-ல் கோல்ட்ஸ் என்பவர் மூளை எடுத்த தவளையைத் தண்ணீரில் வைத்து மெள்ள மெள்ளச் சூடாக்கினார். மூளையுள்ள தவளை சூடு ஏறியதும் தப்பிக்கத் துடித்தது. மூளையில்லாதது அசையாமல் உட்கார்ந்தபடியே செத்தது. அமிலத்தைத் துடைக்கத் தெரிந்த ஆத்மாவுக்கு, வெந்து சாகப் போகின்றோம் என்பது தெரியவில்லை.

அப்படியானால் துடைத்தது எது? முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் கனத்தில், வளர்ந்த மனிதனுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வடம் ஓடுகின்றது. அதுதான் தண்டுவடம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள் உண்டு. பின்வேர் வழியாகத் தோல், தசைகளின் செய்தி உள்ளே வருகின்றது, முன்வேர் வழியாகத் தசைக்குக் கட்டளை வெளியே போகின்றது. (இதை நிலைநாட்டியவர்கள் இங்கிலாந்தின் பெல், 1811. பிரான்சின் மாஜெந்தி, 1822.) கட்டளை அனுப்பும் நரம்புச் செல்கள் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கின்றன. நாம் நினைத்துக் கையைத் தூக்கினாலும் மூளையின் உத்தரவு இந்தச் செல்களுக்கு வந்துதான் தசைக்குப் போக வேண்டும். ஆனால் மூளை சொல்லாமலும் இவை வேலை செய்யும். சுடுசட்டியில் விரல் பட்டால், சுடுகின்றது என்று நமக்குத் தெரியுமுன்பே கை பின்வாங்கிவிடுகின்றது அல்லவா? வைத்தியர் முழங்காலுக்குக் கீழே தட்டியதும் கால் உதைக்கின்றது அல்லவா? தட்டியதில் தொடைத் தசை இழுபடுகின்றது. அந்தச் செய்தி பின்வேரில் நுழைந்து, கட்டளைச் செல்லை நேரே தொட்டு, முன்வேரில் திரும்பி வந்துவிடுகின்றது. இதைத்தான் அனிச்சைச் செயல் என்கின்றோம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. முன்தொடை சுருங்கும்போது பின்தொடை தளர வேண்டும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் கால் கட்டைபோல் விறைத்து நிற்கும். ஆகையால் தண்டுவடத்தில் "நீ ஓடு" என்று சொல்லும் செல்களோடு "நீ நில்" என்று அடக்கும் செல்களும் இருக்கின்றன. இந்த அடக்குதலை விளக்கிக் காட்டியவர் ஷெரிங்டன் என்னும் ஆங்கிலேயர். 1932-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

அடக்கும் செல்கள் வாயடைத்துப் போனால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பம் நேரில் கண்டிருக்கின்றது. நம் தாயாருக்கு நமக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, வழக்கப்படி சாணிச் சாம்பலைத் தடவினாளாம். ஏழாம் நாள் குழந்தைக்கு வாய் பூட்டிக்கொண்டு பால் இறங்கவில்லை. கைகால் விறைத்தது, முதுகு வில்லாக வளைந்தது. அந்தி நேரத்தில் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டியதால் பிடித்த சேஷ்டை என்று சொல்லி, மந்திரக்காரனை அழைத்து உடுக்கை அடித்தார்கள். உடுக்கைச் சத்தம் எழும்பும்போதெல்லாம் குழந்தை மேலும் விறைத்ததாம். பேய் கோபிக்கின்றது என்று இன்னும் ஓங்கி அடித்தார்களாம்.

அது ரணஜன்னி. மண்ணிலும் சாணியிலும் இருக்கும் ஒரு கிருமி புண்ணில் புகுந்து விஷத்தைக் கக்குகின்றது. அவ்விஷம் நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் செல்களின் வாயைக் கட்டிவிடுகின்றது. அதன் பிறகு ஒரு தொடுதலும் ஒரு சத்தமும் போதும், உடம்பின் தசைகளெல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும். இருட்டறையில், சத்தமில்லாமல் வைத்திருக்க வேண்டிய பிள்ளையின் காதருகே உடுக்கை அடித்திருக்கின்றார்கள்.

தாம் வாசல் தாண்டியதால்தான் பிள்ளை போயிற்று என்று நம் தாயார் சாகும்வரை நம்பியிருந்தார். நாம் இந்த விஷயத்தை ஒரு வைத்தியப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டதாலும், பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதாலும், சுத்தமான பிளேடு வந்ததாலும் இந்தியாவில் குழந்தைகளின் ரணஜன்னி, ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. ஆனால் கிருமி மண்ணைவிட்டு எங்கும் போய்விடவில்லை. மண்வெட்டி பட்ட காலிலும், முள் குத்திய பாதத்திலும் அது நுழையும். வயதானவர்களையும் கொல்லும். பூசாரியின் உத்தரவுக்குக் காத்திராமல் புண்ணைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அங்கே இந்த ஊசியைக் காசில்லாமல் போடுகின்றார்கள்.