அவங்க காசு, அவங்க படகு... அப்படியா?

ஒரு பழைய பாய்மரப் படகுப் போட்டி வீடியோவைப் பகிர்ந்ததுக்கு இப்படி ஒரு பதில் வந்தது: "டாக்டர், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு கோடீஸ்வரன் படகு? அவங்க சம்பாதிச்ச காசு, அவங்க விளையாடுறாங்க. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

ஒரு வரியில பதில் சொல்ல முடியல. நீளமான இழை, டீ போட்டுக்கிட்டு உட்காருங்க. டீயும் இந்தக் கதையில வருது.

முதலில் ஒப்புதல் வாக்குமூலம்: நான் இந்தப் போட்டிக்கு அடிமை. 2013 செப்டம்பர். ஹவுஸ் சர்ஜன். கேஷுவால்டி நைட் டூட்டி. சான் பிரான்சிஸ்கோவில் மதியம் என்றால் நமக்கு ராத்திரி ஒன்றே முக்கால். ஒரு தையல் போட்டு முடித்து வந்து போனைத் திறந்தால், 72 அடி இரட்டைப் படகு ஒன்று தண்ணீரைத் தொடாமல் பறந்துகொண்டு இருக்கிறது. அமெரிக்கா கப். நியூசிலாந்து 8-1 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்தால் போதும். 13வது ரேஸில் அவர்கள்தான் முன்னால் போனார்கள். ஆனால் காற்று இல்லை, 40 நிமிடக் கெடு தாண்டிவிட்டது, ரேஸ் ரத்து. அதுக்கப்புறம் அமெரிக்க அணியான ஆரக்கிள் வரிசையாக ஜெயித்து 9-8 என்று கோப்பையைத் தூக்கிவிட்டது. அன்னைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடல.

டூட்டி சிஸ்டர் கேட்டாங்க, "ஜெயிச்சா என்ன சார் குடுப்பாங்க?" ஒரு வெள்ளி ஜாடி. 1851ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த ரேஸில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்தது. அதனால்தான் அந்தப் பெயர். ஜாடிக்கு அடிப்பாகம் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணி கூட நிக்காது. இதுக்காகத்தான் 170 வருஷமா உலகத்துப் பணக்காரர்கள் அடிச்சுக்கிறாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். "அவங்க சம்பாதிச்ச காசு." எப்படிச் சம்பாதிச்சது?

இந்தக் கோப்பை வரலாற்றிலேயே எல்லாருக்கும் பிடித்த மனுஷன் சர் தாமஸ் லிப்டன். ஆமா, அதே டீ லிப்டன். கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1871ல் ஒரு கடையில் ஆரம்பித்து, கோடீஸ்வரர் ஆனவர். 1899, 1901, 1903, 1920, 1930 என்று அஞ்சு தடவை சவால் விட்டார். அஞ்சு தடவையும் தோற்றார். படகுக்கு ஒவ்வொரு தடவையும் ஷாம்ராக் என்றுதான் பெயர். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்கர்கள் உருகிவிட்டார்கள். வில் ராஜர்ஸ் என்ற நகைச்சுவையாளர் யோசனை சொல்ல, ஆளுக்கு ஒரு டாலர் போட்டு, அழகாகத் தோற்றவருக்குத் தங்கத்திலேயே ஒரு கோப்பை செய்து கொடுத்தார்கள். படிக்கிற யாருக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

இப்போ படகை விட்டு மலைக்கு வாங்க. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இலை நோயில் அழிந்து நிலம் மலிவாகக் கிடைத்த காலம். 1890ல் லிப்டன் அங்கே போய்த் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளை பக்கம் தம்பத்தென்ன தோட்டம் அவருடையது. மேலே ஒரு முகடு இருக்கு, இன்னைக்கும் அதுக்கு 'லிப்டன் சீட்' என்றுதான் பெயர். டூரிஸ்ட்கள் ஏறிப் போய்ப் படம் எடுக்கிற இடம். கீழே கொழுந்து பறித்தவர்கள் யார்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணி கூட்டிப்போன நம்ம ஆட்கள். அட்வான்ஸ் கடன். பத்துக்குப் பத்து லயன் அறை. கக்கூஸ் கிடையாது. காலில் செருப்பு கிடையாது.

டாக்டராக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். கக்கூஸ் இல்லாத லயம், வெறுங்கால், ஈர மண். கொக்கிப்புழுவுக்கு இதை விடச் சொர்க்கம் இல்லை. லார்வா பாதத்துத் தோல் வழியாக உள்ளே போகும், குடலில் கடித்துத் தொங்கும், நாள் தவறாமல் ரத்தம் குடிக்கும். ஆள் சாகமாட்டார், ஆனால் மூச்சு வாங்கும், நடக்க முடியாது, பிரசவத்தில் போய்விடுவார். 1916 வாக்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. அதே நேரத்தில் ஷாம்ராக் IV எங்கே இருந்தது தெரியுமா? 1914 ரேஸுக்கு அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டு இருந்தபோது உலகப் போர் வந்துவிட்டது. போர் முடியும் வரை நியூயார்க்கில் பத்திரமாகக் கரையேற்றி வைத்திருந்தார்கள். படகுக்குக் கூரை கிடைச்சுது.

(ராக்ஃபெல்லரும் எண்ணெய்ப் பணக்காரர்தானே என்று யாராவது கேட்பீங்க. ஆமா. புழு மருந்துக்குக் காசு கொடுத்ததும் இன்னொரு கோடீஸ்வரன்தான். லிப்டனையும் முழு வில்லனாக்க மாட்டேன். 1915ல் செர்பியாவில் டைஃபஸ் பரவியபோது தன் சொந்தக் கப்பலில் டாக்டர்களையும் நர்ஸ்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அது நிஜம். ஆனால் செர்பியாவுக்குப் போன கப்பல் அப்புத்தளைக்கு ஏன் வரல?)

நீலகிரியில் கூடலூர் பக்கம் கொஞ்ச நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். 1948ல் இலங்கை இவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு பேர் பேசி முடித்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அந்தக் குடும்பங்கள் அங்கே நிறைய. ஒரு பாட்டி, ஹீமோகுளோபின் ஆறு. "எந்த ஊரு பாட்டி?" என்றால் "அப்புத்தளைங்கய்யா" என்றார். எழுபது தாண்டியவர், அங்கே கடைசியாகக் கால் வைத்தது பதினஞ்சு வயசில். இன்னும் அதுதான் ஊர். நான் ரேஸ் பார்க்கிறவன் என்று அவருக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி ஷாம்ராக் படம் ஒண்ணு என் போன் வால்பேப்பரில் இருந்தது. மாத்திட்டேன்.

"அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை டாக்டர், இப்ப எல்லாம் அப்படி இல்ல." சரி, இப்ப வருவோம். இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கோபம் கொஞ்சம் கூடவே வரும்.

2003ல் கடலே இல்லாத சுவிட்சர்லாந்து இந்தக் கோப்பையை ஜெயித்தது. அலிங்கி அணி. ஆக்லாந்தில் நியூசிலாந்தை 5-0. நியூசிலாந்தின் சொந்த ஹீரோ ரஸ்ஸல் கூட்ஸையே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து அடித்தார்கள். முதலாளி எர்னஸ்டோ பெர்டரெல்லி, செரோனோ மருந்துக் கம்பெனியின் வாரிசு, தலைவர்.

செரோனோவுக்கு செரோஸ்டிம் என்று ஒரு மருந்து. வளர்ச்சி ஹார்மோன். எய்ட்ஸ் நோயாளிகள் உடல் உருகிப்போவதற்குக் கொடுப்பது. 12 வாரத்துக்கு சுமார் 21,000 டாலர். 1996ல் அனுமதி கிடைத்தது. அதே காலத்தில் ஹெச்ஐவி கூட்டு மருந்துகள் வந்தன, நோயாளிகள் தேறினார்கள், உருகுவது குறைந்தது. நமக்கு அது நல்ல செய்தி. கம்பெனிக்கு விற்பனை படுத்துவிட்டது. என்ன செய்தார்கள்? 'உருகுதல்' என்பதற்கே புது அர்த்தம் கொடுத்தார்கள். எடை குறையாவிட்டாலும் பரவாயில்லை, உடம்பில் மின்சாரம் செலுத்தி அளக்கும் ஒரு கருவி 'செல் நிறை குறைவு' என்று காட்டினால் போதும், ஊசி போடு. அந்த உபயோகத்துக்கு அந்தக் கருவிக்கு அனுமதியே இல்லை. அதோடு நிற்கல. அதிகம் எழுதும் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 30 புதுச் சீட்டு வரை எழுதினால் பிரான்ஸின் கான் நகரத்தில் மாநாடு, எல்லாச் செலவும் எங்களுடையது என்றார்கள்.

2005 அக்டோபரில் செரோனோவின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. மொத்தம் 70.4 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. நியாயமாகச் சொல்லணும்: ஒப்புக்கொண்டது கம்பெனி, பெர்டரெல்லி மீது தனியாக வழக்கு இல்லை. தனியாக வழக்குத் தொடரப்பட்ட அதிகாரிகள் சிலர் பிறகு விடுதலையும் ஆனார்கள். அடுத்த வருஷம் குடும்பம் தன் பங்குகளை ஜெர்மனியின் மெர்க்குக்கு விற்க ஒத்துக்கொண்டது. கம்பெனிக்குப் போட்ட விலை ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல். 2007 வலென்சியாவில் அலிங்கி மறுபடியும் கோப்பையைத் தூக்கியது. ஷாம்பெயின் பீய்ச்சினார்கள். நானும் அந்த வீடியோவைப் பல தடவை பார்த்திருக்கேன், பாய் திருப்புகிற அழகுக்காக.

21,000 டாலர் ஊசியை, தேவையே இல்லாத ஒருத்தருக்கு, கான் கடற்கரைக்காக எழுதிய பேனா ஒரு டாக்டரோடது. என் அறைக்கும் ரெப் வருவார். "சார், வெளிநாட்டு மாநாடு, ஃபேமிலியோட" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டவர் உண்டு. இங்கே மருந்து அரசுக் கழகம் வாங்கி அனுப்புவது, நான் எழுதி அவருக்கு ஆகப்போவது பெரிசா ஒண்ணுமில்ல. இருந்தும் கேட்டார். அதனால் "அவங்க சம்பாதிச்ச காசு" என்று என்கிட்ட சொல்லாதீங்க. அந்தச் சம்பாத்தியம் எந்த வழியாக வரும் என்று என் மேஜைக்குத் தெரியும்.

அடுத்தது, "அவங்க விளையாடுறாங்க." விளையாட்டா? ஜெயித்தவனே அடுத்த போட்டிக்கு விதி எழுதி வந்த விளையாட்டு உலகத்தில் வேறு எது? 2007ல் ஜெயித்ததும் அலிங்கி, புதுசாக முளைத்த ஒரு ஸ்பானிஷ் கிளப்பைத் தனக்கு வசதியான சவாலாளராக ஏற்றுக்கொண்டது. அந்த கிளப் அதுவரை கடலில் ஒரு வருடாந்தரப் போட்டி கூட நடத்தியதில்லை. ஆரக்கிள் முதலாளி லாரி எலிசனின் கிளப் நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. பத்திரத்தில் இருக்கும் ஒரு வினைச்சொல் நடத்தியதைக் குறிக்குமா, நடத்தப்போவதைக் குறிக்குமா என்று ரெண்டு வருஷம் வக்கீல்கள் இலக்கணம் பேசினார்கள். எலிசன் ஜெயித்தார். 2010ல் ரெண்டே ரேஸ், கதை முடிந்தது.

எலிசன் கேட்டதுதான் அந்தப் பறக்கும் 72 அடிப் படகுகள். 2013 மே 9, பயிற்சியில் ஆர்ட்டெமிஸ் அணியின் படகு கவிழ்ந்து உடைந்தது. ஆண்ட்ரூ சிம்ப்சன், பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அதன் அடியில் சிக்கிக்கொண்டார். 36 வயது. ரெண்டு சின்னப் பிள்ளைகள். நீரில் மூழ்கியவரை நீங்கள் கொண்டுவரும்போது எங்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான், அவருக்கு அதுவும் கிடைக்கல. பிறகு 37 பாதுகாப்புப் பரிந்துரைகள் வந்தன. அதில் சுக்கான் பற்றிய ஒரு மாற்றம் ஆரக்கிளுக்குச் சாதகம் என்று நியூசிலாந்தும் இத்தாலியும் ஜூரியிடம் போய் ஜெயித்தன. இத்தாலி வராததால் தொடக்க ரேஸில் ஒற்றைப் படகு தனியாக ஓடி முடித்தது. உயிர் போன ரெண்டே மாதத்தில் பாதுகாப்பே பாயிண்ட் சண்டையாகிவிட்டது. நான் பார்த்து மயங்கிய அந்த செப்டம்பர் ரேஸ் இதற்கப்புறம் நடந்ததுதான். அப்போ எனக்கு இது எதுவும் தெரியாது.

இன்னும் ஒண்ணு, "அவங்க காசு" என்பதே பாதிப் பொய். 2013 போட்டிக்கு நியூசிலாந்து அணிக்கு அந்த நாட்டு அரசு 3.6 கோடி நியூசிலாந்து டாலர் கொடுத்தது. 2021ல் ஜெயித்தபின் ஆக்லாந்திலேயே அடுத்ததை நடத்த அரசும் நகரமும் சேர்ந்து 9.9 கோடி மதிப்புக்குச் சலுகை வைத்தன. போதாது என்று அணி பார்சிலோனாவுக்குப் போய்விட்டது. வரி கட்டியவர் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை கூடப் பார்க்க முடியல. பார்சிலோனாவும் ஒரு தடவையோடு போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது.

அந்த பார்சிலோனா 2024 போட்டியில் பிரிட்டன் அணியின் முதலாளி ஜிம் ராட்க்ளிஃப், இனியோஸ் ரசாயனக் கம்பெனி. வரிக்காக மொனாக்கோவில் குடியேறியவர். செப்டம்பரில் அவர் அணி பைனலை நோக்கிப் பறந்துகொண்டு இருந்தபோது, ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையை (இனியோஸும் பெட்ரோசைனாவும் கூட்டு) மூடுவது உறுதியானது. 400 வேலை. அக்டோபரில் பிரிட்டன் 7-2 என்று தோற்றது. 2025 ஏப்ரலில் ஆலை எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்தியது. அதே மாதம் ராட்க்ளிஃபும் படகை விட்டு விலகினார். அவருக்குப் பொழுதுபோக்கு முடிந்தது, அவ்வளவுதான்.

சரி, அப்புறமும் ஏன் பார்க்கிறேன்? நேர்மையாகச் சொன்னால், அழகா இருக்கு. 75 அடிப் படகு ஒற்றைக் காலில் நின்று 50 நாட் தாண்டிப் பறக்கிறது, 2024ல் உள்ளே நாலு பேர் தலை குனிந்து சைக்கிள் மிதித்து எண்ணெய் அழுத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். முகம் கேமராவில் தெரியல. நான் கைதட்டியது அந்த நாலு பேருக்கு. கோப்பையை மேடையில் வாங்கும் ஆளுக்கு இல்ல.

அடுத்தது 2027, நேப்பிள்ஸ். பார்ப்பேன். ராத்திரி டூட்டி இருந்தாலும் இடையிடையே பார்ப்பேன். வயிறு எரியுதான்னு கேட்டீங்க இல்ல தம்பி, எரியுது. மாத்திரையால அடங்குற எரிச்சல் இல்ல.

இப்போ டூட்டிக்குக் கிளம்பணும். திட்டுறவங்க திட்டி வைங்க, காலையில வந்து படிக்கிறேன்.