படகில்லாத போட் மெயில்

எறையூரில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறாயே, உனக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரம்பலூர் மாவட்டத்தில் கடல் கிடையாது. எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சீசனில் கரும்பு லாரிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். எறையூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற தூரத்தைவிட, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை கிட்ட. சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு நம்பி டிக்கெட் எடுக்கிற மாதிரி ஒரு கப்பலை இரண்டு அரசாங்கங்களால் விட முடியவில்லை. என் கோபம் அதைப் பற்றியது.

2023 அக்டோபர் 14 அன்று நாகையில் கொடியசைப்பு நடந்தது. பிரதமர் காணொளியில் பேசினார், மத்திய அமைச்சர் நேரில் வந்தார். கப்பலின் பெயர் செரியாபாணி. லட்சத்தீவுகளுக்கு இடையே ஓடுகிற அதிவேகக் கப்பல், 150 பேர் உட்காரலாம். முதல் நாள் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். மறுநாளிலிருந்து 7,670. அதாவது டிக்கெட் 6,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,170. ஆள் சேரவில்லை. தினசரி என்று அறிவித்தது வாரத்தில் சில நாள் என்று சுருங்கியது. அக்டோபர் 20இல் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆறே நாள். நம் ஊர்த் தேர்த்திருவிழாகூட அதைவிடக் கூடுதலாக நடக்கும்.

கேட்கிறேன், பருவமழை என்ன சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளியா? அக்டோபர் கடைசியில் வரும் என்பது நாகையில் கருவாடு விற்கிற பாட்டிக்குத் தெரியும். அதிவேகக் கப்பல்கள் எடை குறைந்தவை. அலை ஒரு அளவுக்கு மேல் எழுந்தால் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அவை கட்டப்படுகின்றன. மழைக்குப் பத்து நாள் முன்னால் அப்படி ஒரு கப்பலைத் தொடங்கி வைப்பவர்கள் யாரை மனதில் வைத்துத் தொடங்குகிறார்கள்? பயணியை அல்ல, கேமராவை.

பிறகு 2024 ஆகஸ்ட் 16இல் தனியார் நிறுவனம் ஒன்று சிவகங்கை என்ற கப்பலோடு வந்தது. அதிலும் 150 இருக்கைகள்தான். மழைக்கு நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. ஓடுவது நல்ல விஷயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டியை நம்பி யார் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பார்கள்?

பழைய கதைக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்கப்புறமும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. போர் தொடங்கியபோது அதுவும் நின்றது. எழும்பூரிலிருந்து கிளம்பி அரியலூர் வழியாக ராமேஸ்வரம் போகிற அந்த ரயிலை இன்னமும் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறோம். படகு போய் நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தை நினைத்து நான் உருகவில்லை. தோட்டக் கூலிகளைக் கொண்டுபோனதும், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியதும் இதே தடம்தான். ஆனால் அது போக்குவரத்து. இப்போது நடப்பது திறப்புவிழா.

"நஷ்டம் வருமே சார்" என்பார்கள். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் விட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய, கார் ஏற்றுகிற கப்பல். ஜூனில் தொடங்கி அந்த வருஷத்துக்குள்ளேயே நின்றது. உண்மைதான். ஆனால் அது ஒரு ராத்திரி முழுக்கப் போகிற தடம், எதிரே கொழும்பு விமானம் நிற்கிறது. ஒன்று ஆயிரம் பேர் கப்பல், இல்லையென்றால் 150 பேர் படகு. நடுவில் அளவே இல்லையா? உலகில் பிழைத்திருக்கிற பெரும்பாலான தடங்களில் பயணியோடு லாரியும் காரும் சரக்கும் சேர்ந்து ஏறுகின்றன. கைப்பையோடு வருகிற பயணியை மட்டும் நம்பினால் கட்டணம் 7,670தான் ஆகும்.

அப்புறம், சாலைக்கு யாராவது லாபம் கேட்கிறார்களா? ஸ்காட்லாந்தில் 2008இலிருந்து படிப்படியாக ஒரு முறை கொண்டுவந்தார்கள். அதே தூரத்தைச் சாலையில் போனால் என்ன செலவாகுமோ அதை ஒட்டித் தீவுக் கப்பலின் கட்டணம். மீதியை அரசு ஏற்கும். அது வெள்ளைக்காரன் ஊர் என்றால் பக்கத்தில் கொச்சியைப் பாருங்கள். செரியாபாணி வந்த அதே 2023இல், ஏப்ரலில், வாட்டர் மெட்ரோ தொடங்கியது. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே மாநகராட்சியே 2018இலிருந்து வண்டி ஏற்றுகிற படகு விடுகிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? சேதுசாகர். சேது பெயரில் நாம் அரசியல் செய்தோம், அவர்கள் படகு விட்டார்கள்.

உள்ளூர்க் கடலும் சர்வதேசக் கடலும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. சுங்கம் இருக்கிறது, குடியேற்றச் சோதனை இருக்கிறது, கடத்தல் பயம் இருக்கிறது. கடத்துகிறவன் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று பையை ஸ்கேனரில் வைப்பதில்லை. முறையான கப்பல் இல்லாத கடல்தான் அவனுக்கு வசதி.

எங்கள் பெரம்பலூரை ஒட்டித் துறைமங்கலம் இருக்கிறது. பெயரில் துறை, உள்ளே இலங்கைத் தமிழர் முகாம். 2021இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இப்படிப்பட்ட முகாம்களில் பலரிடம் இன்றும் பாஸ்போர்ட் கிடையாது. படகில் வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கப்பல் எட்டாக் கப்பல். அக்காள் செத்த வீட்டுக்குப் போய்வர ஒரு அனுமதிச்சீட்டு, பாதிக் கட்டணம், இதைத் தராமல் தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுவதற்கு வாய் கூச வேண்டாமா? இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை.

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்தார். ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று விழா, நினைவு நாணயம். சண்டைக்குப் போன கப்பலுக்கு நாணயம் அடிக்கிறோம். சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற கப்பலுக்கு 18 சதவீதம் வரி போடுகிறோம்.

நான் கேட்பது நாலே நாலு. மழைக்காலத்தைத் தாங்குகிற, வண்டியும் சரக்கும் ஏற்றுகிற நடுத்தரக் கப்பல். வருஷம் முழுவதற்குமான கால அட்டவணை. பேருந்துக்குத் தருவதுபோல அரசு மானியம். முகாம் மக்களுக்குப் போய்வரும் அனுமதி. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலர் தருவதாக இந்தியாவே சொல்லியிருக்கிறது. துறைக்குக் காசு இருக்கும்போது கப்பலுக்கும் இருக்கும். அதுவரைக்கும் அடுத்த கொடியசைப்புக்குத் தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள்.