இலவச ஆங்கில வகுப்பு: தருமமா, கடமையா?

ஆங்கிலம் அறிந்தவரே அறிவாளி என்று எண்ணுவது பேதைமை. ஆயினும் உயர்கல்விக்கும் நல்ல வேலைக்கும் அது தேவைப்படுகிறது என்பதை யாவரும் அறிவோம். கான்வென்ட்டில் படிக்கும் நமக்கு அது எளிதில் கிடைக்கிறது. கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலும் மரக்காணம் உப்பளக் கரையிலும் வளரும் ஏழை இளைஞருக்கு?

அவர்களுக்கு இலவச ஆங்கிலப் பள்ளி தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதே கடினம். குத்துவிளக்கேற்றிப் புகைப்படம் எடுத்த பின், மூன்றாம் மாதம் ஆசிரியர் வராவிட்டால் அப்பிள்ளைகளின் நம்பிக்கை என்னாகும்?

1841 டிசம்பர் 8 அன்று துரின் நகரில் புனித தொன் போஸ்கோ ஓர் ஏழைச் சிறுவனுக்கு மறைக்கல்வி கற்பித்தார். பின்னர் உழைக்கும் சிறுவருக்கு ஞாயிறு வகுப்பும் இரவுப் பள்ளியும் நடத்தினார். அவர்களது ஓய்வு நேரமே அவருடைய பள்ளி நேரம்! நம் கரையிலும் அவ்வாறே வேண்டும். அதிகாலையில் உப்பளம் செல்வோருக்கு மாலை வகுப்பே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் ஓயும்போது வகுப்புகளைக் கூட்டலாம்.

மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படிப்போருக்கு மாலையில் வீட்டருகே கற்பித்தது. அதைத் தாண்டிய இளைஞரையும், படிப்பை நிறுத்தியவரையும் நாம் மறக்கலாமா?

தமிழைத் தாழ்த்தி ஆங்கிலம் புகட்ட வேண்டாம். தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் பேசப் பழக்குவோம். இலவசம் என்பதற்காக நேரமும் ஒழுங்கும் குறையலாகாது. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தவறாமல் தர நம்மால் இயலாதா? பெற்ற கல்வியைப் பகிர்வது தருமமன்று, கடமையே. அதற்கு இறைவன் துணைபுரிவாராக!