விசிறிக்கு வேலையில்லாத அடுப்பு

முட்டையைப் பற்றி நாமக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் 73 கிலோ எடையில், நாலு பேர் கைகொடுத்தால்தான் மொட்டை மாடிக்கு ஏறும் பீங்கான் முட்டை ஒன்று இருக்கிறது. வயிற்றில் கரியைக் கொட்டி, மூடியைச் சாத்தி, முழுக் கோழியை அப்படியே வேகவைக்கும் அடுப்பு அது. புதிதாக வீடு கட்டி, மாடியில் ஷீட் கூரை போட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு இணையத்தில் இதைப் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. வாங்கிய ஜோரில் நாலு கோழியைக் கருக்கிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவைப்பதும் நடக்கிறது. அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருப்பென்றால் விசிற வேண்டும் என்று பழகிய கை நம்முடையது. இந்த அடுப்போ, விசிறியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்கிறது.

ஜப்பானியர் சோறு பொங்கிய களிமண் அடுப்புதான் இதற்கு மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதில் இறைச்சி சுட்டுப் பார்த்தார்கள். ருசி பிடித்துப்போய் ஊருக்கும் கொண்டுபோனார்கள். 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம், விரிசல் விடும் களிமண்ணைக் கைவிட்டு, சூடு தாங்கும் பீங்கானுக்கு மாறியது. பச்சை முட்டை அப்படித்தான் பிரபலமானது. மண் அடுப்புக்குள் கரி போட்டுச் சமைப்பது நம் நாட்டுக்குப் பழையதுதான். ராஜஸ்தானின் காளிபங்கனில் ஹரப்பா காலத்துத் தந்தூர் போன்ற அடுப்புகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். தந்தூரின் வாய் திறந்தே இருக்கும். அதனால் அது எப்போதும் தகிக்கும், நானுக்கு அதுதான் தோது. முட்டை அடுப்புக்கு மூடி உண்டு. எல்லா வித்தையும் அந்த மூடியில் தொடங்குகிறது.

கீழே ஒரு சின்னக் கதவு, மேலே ஒரு புகைத் துவாரம். கீழே நுழையும் காற்று கரியைக் கடந்து சூடாகி மேலே வெளியேறுகிறது. எவ்வளவு காற்றோ அவ்வளவு சூடு. உள்ளே எவ்வளவு கரி கிடக்கிறது என்பது, எத்தனை மணி நேரம் எரியும் என்பதைத்தான் முடிவுசெய்யும். இது பிடிபடாதவர்தான் சூடு ஏறியதும் இடுக்கியை எடுத்துக் கங்கை வெளியே அள்ளப் பார்க்கிறார். நம் கொல்லுப் பட்டறையில் துருத்தி, சோளக்கதிர் சுடும் இடத்தில் பனை விசிறி, இஸ்திரி வண்டியில் பெட்டியை வீசி ஆட்டிக் கங்கு ஏற்றுவது என்று எல்லாமே காற்றைக் கூட்டும் பழக்கங்கள். பீங்கான் அடுப்பில் அத்தனையும் தலைகீழ்.

காற்றை அடைக்கும் வித்தை தமிழ்நாட்டில் இல்லாமலும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை பரப்பி, மேலே மண்ணைப் பூசி மூடுவார்கள். அங்கங்கே துளை மட்டும் விட்டு நாள்கணக்கில் புகையவிடுவார்கள். புகையின் நிறத்தைப் பார்த்து ஒவ்வொரு துளையாக அடைப்பார்கள். கொஞ்சம் அசந்து காற்று கூடிவிட்டால் மூட்டை மூட்டையாகக் கரி கிடைக்க வேண்டிய இடத்தில் சாம்பல்தான் மிஞ்சும். மாடியில் முட்டை அடுப்போடு மல்லுக்கட்டும் தொடக்கக்காரருக்கு இவர்களைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

அந்தக் கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு விறகாகும் சீமைக் கருவேலத்தை நாம் சபிக்கிறோம். நிலத்தடி நீருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அது செய்த கேடு கொஞ்சமல்ல, அதை வெட்டி அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் இறைச்சி சுடுவதற்கென்றே கொண்டாடப்படும் மெஸ்கீட் மரம் இதன் நெருங்கிய உறவு. அங்கே அழகான பையில் அடைத்து விற்கும் சமாசாரம் இங்கே சாக்கு மூட்டையில் கிடைக்கிறது. வெளிநாட்டுக் கரிப் பை வாங்கும் செலவை முதல் நாளே வெட்டிவிடலாம். முஷ்டி அளவுக் கட்டிகளாகப் பார்த்து வாங்கினால் போதும். தேங்காய்த் தொட்டிக் கரி நன்றாகச் சூடேறும், சாம்பலும் குறைவு. ஆனால் துண்டுகள் சிறியவை. தனியாகக் கொட்டினால் அடித்தட்டின் துளைகளை அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்திவிடும். கருவேலக் கட்டிகளை அடியில் பரப்பி, தொட்டிக் கரியை மேலே தூவுவது நல்ல சேர்க்கை.

பற்றவைக்கும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. ஆபத்து ஒருபுறம் இருக்க, பீங்கான் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு அடுத்தடுத்த சமையலில் வாடையைத் திருப்பித் தரும். கரிக் குவியலின் நடுவே சின்னக் குழி பறித்து, சமையல் எண்ணெயில் நனைத்த காகித உருண்டையை வைத்துக் கொளுத்தினால் போதும். ஒரே இடத்தில், ஒரே உருண்டை. மூடி திறந்திருக்கட்டும். பத்து நிமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கங்கு சிவக்கும். மொத்தக் கரியும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அன்றைய சமையல் போச்சு. மூடியைச் சாத்தி, மேலும் கீழும் முழுக்கத் திறந்துவிட்டு, மூடியில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

120 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டுமென்றால், முள் 95-ஐத் தொடும்போதே கீழ்க் கதவை விரல் அகலத்துக்குக் குறைத்து, மேல் துவாரத்தையும் கீற்றாக்கிவிட வேண்டும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டுகிறவர் சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைக்கிறாரே, அதே கணக்குதான். கனமான பீங்கான் சுவர் ஒருமுறை சூட்டைக் குடித்துவிட்டால் லேசில் விடாது. 200-க்கு ஏறிய அடுப்பை 120-க்கு இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏற்றுவது எளிது, இறக்குவது கஷ்டம். சரியான சூட்டில் நின்ற பிறகும் அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். சுவர் முழுக்க ஒரே சீராகச் சூடாகவும், முதலில் கிளம்பும் அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கவும் அந்த நேரம் தேவை. வெள்ளைப் புகையில் வைத்த கறி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நீலமாக இழையும்போதுதான் கோழிக்கு நேரம்.

ஆடி மாதத்தில் இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கீழ்க் கதவுக்குள் நேராகப் புகுந்தால் துருத்தி வைத்து ஊதியதுபோல் ஆகிவிடும். கதவைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் நாளே சிவக்கச் சிவக்க மசாலா தடவிய முழுக் கோழியை ஏற்றுவது வேண்டாத வீரம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய் என்று தொடங்கினால் நெருப்பும் பழகும், கருகினாலும் நஷ்டமில்லை. மரவள்ளி விளையும் பூமி இது. தோலுரித்து உப்புப் போட்டு வேகவைத்த கிழங்கைக் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பில் காட்டி எடுத்தால், வீட்டில் குழந்தைகள் கோழியைக் கேட்க மாட்டார்கள். அதன்பின் லெக் பீஸ். கொழுப்பும் ஈரமும் உள்ள தொடைக் கறி, பத்து டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுக் கறி பொறுக்காது. முழுக் கோழி வைக்கும்போது கரிக்கும் கம்பித் தட்டுக்கும் நடுவே தடுப்புக் கல் ஒன்று அவசியம். அது இல்லாமல் வைத்தால் தோல் கருகி எலும்போரம் பச்சையாக நிற்கும்.

பள்ளிபாளையம் சிக்கனை இந்த அடுப்பில் செய்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதை நீக்கிய வறமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், கறிவேப்பிலை என்று மசாலாப் பொடிகளின் ஆர்ப்பாட்டம் இல்லாத பதார்த்தம் அது. வார்ப்பிரும்பு வாணலியைக் கம்பித் தட்டின்மேல் வைத்து வதக்கி, கடைசியில் மூடியைச் சாத்திவிட்டால் தேங்காய்ப் பல்லில் புகை ஏறும். மசாலாவின் சத்தம் குறைவாக இருந்தால்தான் புகையின் வாசம் தெரியும். தயிரும் சிவப்பு வண்ணமும் அப்பிய கோழியில் கரி அடுப்பும் ஒன்றுதான், கேஸ் அடுப்பும் ஒன்றுதான். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழி நாமக்கல்லில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் இறைச்சி முற்றியது. குக்கரில் முக்கால் வேக்காடு வைத்துவிட்டு அடுப்பில் புகை காட்டுவதே புத்திசாலித்தனம்.

வேக்காடு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும், பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும் இந்த மாவட்டத்துக்கு மறந்திருக்காது. வீட்டு மாடியில் சமைப்பதால் கிருமி சலுகை தரப்போவதில்லை. கோழிக் கறியின் கனமான பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். வெளித்தோலின் நிறத்தை வைத்து முடிவுசெய்வது, குறிப்பாக மிளகாய்ச் சிவப்பு பூசிய கோழியில், குருட்டு நம்பிக்கை. முட்டை அடுப்போடு விற்கும் பிட்சா கல், நகம் போன்ற இடுக்கி, பெயர் பொறித்த ஏப்ரன் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; கறியில் குத்தும் வெப்பமானியை அடுப்புக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பச்சைக் கறி தொட்ட தட்டில் வெந்த கறியை எடுத்து வைக்கும் பழக்கமும் அன்றோடு ஒழிய வேண்டும்.

அடைத்து வைத்த நெருப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில்லாமல் பசித்துக் கிடக்கும் கங்கின்மேல் மூடியைச் சட்டென்று திறந்தால், உள்ளே பாயும் காற்று தீயைக் குபீரென்று முகத்துக்கு அனுப்பும். புருவம் பொசுங்கியவர்கள் உண்டு. முதலில் இரண்டு விரல் அகலம் தூக்கி, சில விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு திறக்க வேண்டும். கார் நிறுத்தும் மூடிய போர்ட்டிகோவிலோ, மழைக்குப் பயந்து அறைக்குள்ளோ இதைக் கொளுத்தக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஓலைக் கொட்டகை பக்கத்தில் வேண்டாம். சமைத்து முடிந்ததும் தண்ணீர் தெளித்து அணைக்கப் பார்த்தால் பீங்கான் விரிசல் விடும். கீழும் மேலும் இறுக்கி அடைத்தால் தானே அணையும். மிஞ்சிய கரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். அந்த வகையில் திறந்த அடுப்பைவிட இது சிக்கனமானது.

விலைதான் சிக்கனமாக இல்லை. பெயர்பெற்ற வெளிநாட்டுப் பெரிய முட்டை லட்ச ரூபாயைத் தாண்டும். இங்கேதான் சேலத்துக்காரருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். அவர்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டிய மேக்னசைட், எஃகு உலைகளுக்கு உள்பூச்சாகும் செங்கல்லாக நாடெங்கும் போயிருக்கிறது. 1979-ல் தொடங்கிய தமிழ்நாடு மேக்னசைட் என்ற அரசு நிறுவனமே அதற்காக இருக்கிறது. நெருப்பைத் தாங்கும் கல் தோண்டும் ஊருக்கு ஒரு கரி அடுப்பு செய்ய முடியாதா? மேக்னசைட்டால் முடியாது என்பதுதான் பதில். மேக்னீசியா கல் சூட்டில் அதிகம் விரிந்து, திடீரென்று குளிர்ந்தால் தெறிக்கும் ஜாதி. ஓயாமல் எரியும் உலைக்கு அது சரி. வாரம் ஒருமுறை ஏற்றி இறக்கும் வீட்டு அடுப்புக்குக் குறைவாக விரியும் களிமண் கலவை வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இருப்பது பீங்கான் தொழிற்பேட்டையும் பயிற்சி நிறுவனமும் கொண்ட விருத்தாசலத்தில். கீல், வளையம், தாங்கு சட்டம் செய்ய வெளியூர் போக வேண்டாம். போர்வெல் வண்டிகளைக் கட்டி நாடு முழுக்க அனுப்பும் திருச்செங்கோட்டுப் பட்டறைகளுக்கு இது அரை நாள் வேலை. மூடியும் உடலும் காற்றுப் புகாமல் பொருந்துவது மட்டுமே உண்மையான சவால். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோழி வேகும் அளவில், 25 கிலோவுக்குள் ஒன்று செய்து, கால் பங்கு விலைக்குக் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்கும்.

அப்படியொன்று சந்தைக்கு வரும்வரை லட்ச ரூபாயை முடக்க மனமில்லாதவர், உணவு எண்ணெய் வந்த பழைய இரும்பு டிரம் ஒன்றை நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, குறுக்கே வெட்டி, கீல் போட்டு, கீழே ஒரு தகட்டுக் கதவும் மேலே திருகி மூடும் துவாரமும் வைக்கச் சொல்லலாம். உள்பூச்சு பெயின்ட் முழுக்கப் போகும்படி முதலில் வெறும் விறகு போட்டு எரித்துவிட வேண்டும். ரசாயனம் வந்த டிரம் எக்காரணம் கொண்டும் ஆகாது. இரும்பு சூட்டைப் பிடித்து வைக்காது என்பதால் அரை மணிக்கொரு தரம் கதவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பழகுகிறவருக்கு அது ஒருவகையில் நல்லது. அந்த டிரம்மில் இரண்டு மணி நேரம் 120 டிகிரியை நிறுத்திக் காட்டுகிறவருக்குப் பீங்கான் முட்டை ஒரு பொருட்டே இல்லை.