வட்டைக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, அறுகம்பேயை அடுத்த பொத்துவிலிலிருந்து ஒரு விவசாயி தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளை உயிரியல் படித்தவன். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. "காக்கா, விவசாயம் கிடைக்கும் என்கிறார்கள். ஒலுவிலையே போட்டுவிடுவோமா? வீட்டுக்கும் கிட்ட" என்று கேட்டார். ஒலுவிலில் விவசாயபீடம் இல்லை என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இலங்கையில் நெல் அதிகம் விளையும் மாவட்டங்களுள் ஒன்று அம்பாறை. 'வேளாண்மை' என்றாலே எங்கள் ஊர்களில் வயலில் நிற்கும் நெற்பயிர்தான். வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரன் என்று வயலுக்கென ஒரு தனி அகராதியே வைத்திருக்கும் மக்கள் நாம். அந்த வட்டைகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டிவிட்டு, நெல்லைப் பற்றிப் படிக்கப் பிள்ளையைப் பேராதனைக்கும் மாத்தறைக்கும் மாக்கந்துரைக்கும் அனுப்புகிறோம்.

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையில் தொடங்கியபோது அதற்கு இருந்தவை விஞ்ஞானமும் விவசாயமுமாகிய இரண்டு பீடங்கள். பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது அதுவே. நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995இல் அட்டாளைச்சேனையில் தொடங்கியபோது கலையும் முகாமைத்துவமும் வந்தன. அதற்குக் காரணம் உண்டு. யுத்தத்தால் வந்தாறுமூலைக்குப் போக முடியாத முஸ்லிம் மாணவர்களுக்காக, மர்ஹூம் அஷ்ரபின் முயற்சியால், அவசரத்தில் பிறந்த நிறுவனம் அது. கரும்பலகையும் கதிரையும் இருந்தால் நடத்தக்கூடியவற்றை முதலில் நடத்தினார்கள். அதில் குறைகாண நான் யார்? 1996 மே மாதத்தில் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் வந்தது, ஒலுவிலில் பொறியியல் வந்தது, தொழில்நுட்பம் வந்தது. தொழில்நுட்ப பீடத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் இருக்கிறதே, அதுவும் விவசாயந்தானே என்பார்கள். அந்தக் கற்கைநெறி நல்லது. ஆயினும் அது உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கு உரியது. என்னைத் தேடி வந்த உயிரியல் மாணவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

பட்டதாரி வயலுக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறான் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இதே மாவட்டத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். வந்தாறுமூலையில் கல்லூரி தொடங்கிய அதே 1981இல், கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வேலையற்றிருந்த பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கொண்டுபோய் விவசாயிகளிடையே குடியமர்த்தின. விவசாயிகள் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் விட்டார்கள். கோர்னெலின் நோர்மன் அப்ஹொப் அதைப் புத்தகமாகவே எழுதினார். உலகம் நம் வாய்க்காலில் வந்து பாடம் படித்துப் போனது. நாம் படித்தோமா?

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தபோது, "இதை இலைக்கு அடிப்பதா, மண்ணுக்கு ஊற்றுவதா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். செய்தி எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்பதற்குக் கிட்டிய தூரத்தில் வேறு யாரும் இல்லை. தடை பிழை என்று உரத்துச் சொன்ன புத்தி மாரம்பே பேராதனை விவசாயபீடப் பேராசிரியர். அவரைப் போல ஒருவர் இந்த மண்ணின் பெறுபேறுகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் பேசியிருந்தால், எங்கள் விவசாயி தெருவில் கொடும்பாவி எரித்ததோடு நின்றிருக்க மாட்டான்.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விஞ்ஞானம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஆய்வும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு அலுமாரியில் உறங்குகிறது. அறக்கொட்டியான் அடித்த வயலின் சொந்தக்காரன் மருந்துக்கடைக்காரன் சொல்வதைத்தான் கேட்கிறான். ஒரு போத்தலுக்குப் பதில் இரண்டு போத்தல் வாங்கிப் போகிறான்.

குற்றம் முழுவதையும் கொழும்பின் மீது போட்டுவிடவும் மாட்டேன். நம் எம்.பி.மார் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டதெல்லாம் கட்டடம். நம் வீடுகளில் விவசாயபீடம் என்பது மருத்துவம் தவறியவனுக்கு ஆறுதல் பரிசு. அங்கே படித்து வந்தவனும் நியமனக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறானே தவிர, வாப்பாவின் வயலில் கால் வைப்பதில்லை. ஆகவே பெயர்ப்பலகையில் இன்னுமொரு பீடம் எழுதுவதை நான் கேட்கவில்லை. மழையை நம்பிய பொத்துவில் வயலிலும், களப்போரத்து உவர்நிலத்திலும், யானை இறங்கும் லகுகலை ஓரத்திலும் ஒரு முழுப் போகம் நின்று அறுத்தவனுக்கே பட்டம் என்று விதி வைக்கும் பீடம் வேண்டும். சம்மாந்துறையில் ஆய்வுகூடம் இருக்கிறது, மதிலுக்கு வெளியே வயல் இருக்கிறது. முதல் துறையை அங்கே தொடங்கலாம்.

அன்று வந்த பிள்ளை விண்ணப்பத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதினான். தகப்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாரி விதைப்புக்கு லீவு தருவார்களா காக்கா?" என்று கேட்டார்.