உறங்கும் கிருமிகள்

நம் அலுவலக நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு விடுப்பில் ஊருக்குச் சென்றார். இருமல் நின்றுவிட்டதே என்று காசநோய் மாத்திரைகளை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார். இவ்வாண்டு நோய் திரும்பியது. அது ஒழியவில்லை, உறங்கியிருந்தது.

பெனிசிலின் போன்ற மருந்துகள் வளர்ந்து பெருகும் கிருமிகளையே கொல்ல வல்லன. 1944-இல் டப்ளின் நகரப் பேராசிரியர் ஜோசப் பிக்கர், பெனிசிலினில் இட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளுள் மிகச் சில பிழைத்திருக்கக் கண்டார். அவற்றின் சந்ததியோ அதே மருந்துக்கு மடிந்தது! ஆகவே பிழைத்தவை வலியவை அல்ல, வளராது உறங்கியவை. அவற்றை விழிக்கவிட்டுப் பின் கொல்லலாம் என அவர் கருதினார்.

2011-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர், மானிட்டால் என்னும் சர்க்கரைப்பொருளை ஊட்டி உறங்கும் ஈ. கோலை கிருமிகளைச் சற்றே உசுப்பினர். அவை ஜென்டாமைசினை உள்ளிழுத்து மடிந்தன. எலிகளிடத்தும் பலன் தெரிந்தது.

இஃது ஆராய்ச்சியாளர் வேலை. நாமே மருந்துக்கு இடைவெளி விடுவது தீங்கு. காசநோய்க் கிருமியும் உறங்க வல்லது. ஆதலாலேயே வழக்கமாக ஆறு மாத மருந்து விதிக்கின்றனர். அன்பர்களே, ஊருக்குப் புறப்படுகையில் மாத்திரைகளையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். நம் நண்பர் இப்போது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.