தீவுக்காரர்களுக்கு உரிமம்

2004 டிசம்பர் 26, சுனாமி அந்தமானில் தொலைபேசி இணைப்புகளை அறுத்துப் போட்டது. போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுபோனதில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் (பொழுதுபோக்காக உரிமத்தோடு வானொலியில் பேசுபவர்) வானொலிக்குப் பெரும் பங்குண்டு. அவர் அங்கே இருந்ததே தற்செயல். அந்தமானிலிருந்து ஹாம் வானொலியில் பேச, பல ஆண்டுகள் கிடைக்காமலிருந்த சிறப்பு அனுமதி அப்போதுதான் கிடைத்திருந்தது. உலக ஹாம்களோடு பேசப் போயிருந்தார். தேர்வெழுதி உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கியவருக்கும் தீவில் பேசத் தனி அனுமதி! எல்லைப் பாதுகாப்புக் கவலை நியாயம்தான். ஆனால் பெயர், முகவரி, அழைப்புக்குறி எல்லாம் அரசுப் பதிவேட்டில் இருக்கும் ஒருவரைக் கண்காணிப்பதில் என்ன கஷ்டம்? (கள்ளத்தனமாகக் கருவி வைத்திருப்பவன் மனுப் போட்டுக் காத்திருப்பதில்லை.) அந்தமானிலும் லட்சத்தீவிலும் குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் அங்கேயே தேர்வு நடத்தி, தாமதமில்லாமல் உரிமம் கொடுக்க அரசு முன்வர வேண்டும்.